இருபது கொண்டை ஊசி வளைவும் ஓர் ஆர்க்கிட் பூந்தண்டும்

‘ஆர்க்கிட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. இலை நன்றாக வருகிறது, பூ வரவில்லை. என்ன உரம் போடலாம்?’

கேள்வி-பதில் பகுதிக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தர்மபுரி, ஈரோடு, தஞ்சாவூர் என்று ஊர்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. உரத்தின் பெயரை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால், பூக்காத ஆர்க்கிட்டுக்கு உரம் காரணமாக இருப்பது குறைவு. வெளிச்சமும் வெப்பமும்தான் பெரும்பாலும் காரணம். அதை எழுத்தில் படிப்பதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. பார்ப்பதற்குச் சேலம்-ஏற்காடு சாலையைப் போல வசதியான இடம் நம் பக்கத்தில் வேறு இல்லை. சுமார் 30 கிலோமீட்டர் தூரம், 20 கொண்டை ஊசி வளைவு. அதற்குள் சீதோஷ்ணமே மாறிவிடும். புரட்டாசி மாதம் ஒரு நாள், ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பையில் இரண்டு வெப்பமானி இருந்தது. ஒரு நாளின் அதிகபட்ச வெப்பத்தையும் குறைந்தபட்ச வெப்பத்தையும் குறித்து வைக்கிற வகை.

அடிவாரத்தில் ஒரு நிழல்வலைக்குடில்

கோரிமேடு தாண்டி, மலை ஏறும் முன்பாக ஒரு தோட்டத்தில் இறங்கினோம். கணவனும் மனைவியுமாக 800 டென்ட்ரோபியம், 60 ஃபெலனாப்சிஸ் வைத்திருக்கிறார்கள். நகையை அடகு வைத்துப் போட்ட முதல். “பேரு, ஊரு எல்லாம் போட்டுடாதீங்க சார். சொந்தக்காரங்க பார்த்தா பேச்சு வரும்” என்று அந்த அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். போடவில்லை.

உள்ளே போனால் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. மேசை மேசையாகச் செடிகள். இலை கருகருவென்று, பளபளவென்று நிற்கிறது. டென்ட்ரோபியத்தின் தண்டுகள் இரண்டடிக்கு மேல் நீண்டு, நிற்க முடியாமல் சாய்ந்து கிடக்கின்றன. 800 செடியில் பூ இருந்தது ஏழெட்டுச் செடியில்தான். எல்லாம் மேற்கு ஓரத்து மேசை.

“வாரம் தவறாம 19:19:19 கொடுக்கிறோம், பஞ்சகவ்யா கொடுக்கிறோம். எதுல கொறை வெச்சோம்னு தெரியல” என்றார் கணவர்.

அலுவலர் பதில் எதுவும் சொல்லவில்லை. நடு மேசைக்குப் போய், இலைக்கு ஓரடி உயரத்தில் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். நேரம் பதினொன்று. நல்ல வெயில். ஆனாலும் இலைமேல் கையின் நிழல் விழுந்ததே தெரியவில்லை. அதே கையை மேற்கு ஓரத்து மேசையில் பிடித்தார். விரல்கள் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு நிழல் விழுந்தது. பூ இருந்ததும் அங்கேதான்.

கூரையில் இருந்தது 75 சதவிகித நிழல்வலை. அதற்கு மேலே கிழக்குப் பக்கம் ஒரு மாமரம் கவிந்து நிற்கிறது. வலை வடிகட்டிய மிச்ச வெளிச்சத்தில் பாதியை அந்த மரம் எடுத்துக்கொள்கிறது. “ஆர்க்கிட்டுன்னா நிழல்ல வளர்றதுன்னு செடி கொடுத்தவங்க சொன்னாங்க. வெயில் கூடாதுன்னுதான் அடர்த்தியான வலையாப் போட்டோம்” என்றார் அந்த அம்மா.

இந்தப் பேச்சு பாதி சரி, பாதி தவறு. இலைக்கு நிழல் போதும், பூவுக்கு அது போதாது. பூந்தண்டு விடுவதற்குச் செடி மாவுச்சத்தைச் சேர்த்து வைக்க வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும். இலை கரும்பச்சையாக இருப்பதை நாம் செழிப்பு என்று நினைக்கிறோம். ஆர்க்கிட்டைப் பொறுத்தவரை அது வெளிச்சப் பஞ்சத்தின் அடையாளம். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்க இலையில் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. தளிர்ப்பச்சையில் லேசாக மஞ்சள் கலந்த நிறம்தான் சரியான நிறம். இலை வெளிறி, மேல்பக்கம் சிவப்பு ஓடினால் வெளிச்சம் கூடிவிட்டது என்று அர்த்தம். உச்சி வெயில் நேரத்தில் இலையைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், அடுத்து அந்த இடம் வெந்து கறுத்துப்போகும்.

டென்ட்ரோபியத்துக்கு 50 சதவிகித வலை போதும் என்றார் அலுவலர். அதையும் ஒரே நாளில் மாற்றிவிடக் கூடாது. இரண்டு வருடம் இருட்டில் வளர்ந்த இலை, திடீர் வெயிலில் வெந்துவிடும். முதலில் மாங்கிளையைக் கழிக்க வேண்டும். இரண்டு வாரம் விட்டு, வடகிழக்குப் பருவமழை மேகம் கூடியிருக்கும் நாள்களில் ஒவ்வொரு பக்கமாக வலையை மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் இந்த வேலையில் இறங்கவே கூடாது. தழைச்சத்து அதிகமாக உள்ள உரத்தைப் புதுத்தண்டு வளரும் பருவத்தில் மட்டும் கொடுத்து, தண்டு முற்றியதும் சாம்பல்சத்துப் பக்கம் திரும்பச் சொன்னார். பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லிக்கு மேல் வேண்டாம், வெள்ளை வேர் கருகும் என்றார். உரப் பேச்சு அவ்வளவுதான்.

“இப்ப மாத்தினா எப்ப பூக்கும் சார்?”

“இருக்கிற தண்டை நம்பாதீங்கம்மா. அது வெளிச்சம் இல்லாம வளர்ந்த தண்டு. இனி வர்ற புதுத்தண்டு இந்த வெளிச்சத்துல வளர்ந்து முத்தணும். அடுத்த வருஷக் கணக்குதான்.”

அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. நகைக்கு வட்டி மாதா மாதம் வருகிறதே!

ஃபெலனாப்சிஸ் கதை வேறு. பட்டாம்பூச்சி போல வரிசையாகப் பூத்து, மாதக்கணக்கில் வாடாமல் நிற்கும் ஆர்க்கிட் அது. அதற்கு 75 சதவிகித நிழல் சரிதான். இலை நிறமும் சரியாகவே இருந்தது. அங்கே குறை வெளிச்சத்தில் இல்லை. கணவரிடம் ஒரு வெப்பமானியைக் கொடுத்து, அந்த 60 செடிக்கு நடுவில் தொங்கவிடச் சொல்லிவிட்டு மலை ஏறினோம்.

மேலே ஏற ஏற

அடிவாரத்தில் 32 டிகிரி. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் அரை டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறையும். மொத்தத்தில் ஏழு, எட்டு டிகிரி வித்தியாசம். இந்தக் கணக்கைச் சாலையே காட்டுகிறது. கீழே முள்மரமும் புதருமாக இருக்கிறது. நடுவில் மூங்கில் வருகிறது. வளைவு எண் பலகைகள் பதினைந்தைத் தாண்டும்போது வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிடத் தோன்றும். அதற்கு மேல் சில்வர் ஓக் மரங்களும், அதில் ஏறிய மிளகுக் கொடியும், கீழே காபிச் செடியும். மதியம் ஒரு மணிக்கு ஏரிக்கரையில் 24 டிகிரி. (வளைவுகளில் குரங்குகளுக்குத் தின்பண்டம் எறிகிறவர்களை என்னவென்று சொல்வது!)

காபித் தோட்டம் ஒன்றில் நிழல் மரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். காட்டு ஆர்க்கிட் மரத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக. அடிமரத்தில் இல்லை, உச்சிக் கொம்பிலும் இல்லை. நடுவில், கிளை பிரிகிற கவட்டையில் இருந்தது. காலைச் சாய்வெயில் அங்கே நேராக வந்து விழுகிறது. உச்சி வெயிலை மேலே உள்ள இலைகள் தாங்கிக்கொள்கின்றன. காற்று தடையில்லாமல் ஓடுகிறது. மழை பெய்தால் நனைகிறது, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. இந்த ஒரு கவட்டையில் ஆர்க்கிட் வளர்ப்பின் எல்லாப் பாடமும் இருக்கிறது. அது ஒட்டுண்ணி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மரத்திடமிருந்து அது எதையும் உறிஞ்சுவதில்லை. மரம் அதற்கு உட்காரும் இடம், அவ்வளவுதான். இந்தியாவில் பதிவான 1,256 ஆர்க்கிட் இனங்களில் 757 இனங்கள் இப்படி மரத்தில் தொற்றி வாழ்கிறவை.

அங்கே கவாத்து வேலையில் இருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆர்க்கிட் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. “மரத்துப் பூ. அது பாட்டுக்குப் பூக்கும்” என்றார். ஆனால், காபியைப் பற்றிக் கேட்டதும் சொன்னார்: “நிழல் மரத்தைக் கழிக்காம வுட்டா காபி இலையா நிக்கும் சாமி, காய் புடிக்காது. ஒரேயடியாக் கழிச்சாலும் இலை வெந்துரும். அப்புறம், காய்ச்சல் வேணும். தை, மாசி காய்ச்சல்ல செடி வாடி நிக்கணும். அப்பதான் பூ மழை வுழுந்ததும் ஒரே நாள்ல வெள்ளையாப் பூக்கும்.”

அலுவலர் என்னைப் பார்த்துச் சிரித்தார். டென்ட்ரோபியம் நோபிலி என்ற இனத்துக்கு இதே குணம்தான். சிக்கிம் மாநிலத்தின் மலர் அது. மழைக்காலத்தில் தண்டு வளர்ந்து, பனிக்காலம் முழுக்கக் குளிரிலும் காய்ச்சலிலும் கிடந்தால்தான் வசந்தத்தில் கணுவுக்குக் கணு பூக்கும். பாவம் பார்த்துப் பனிக்காலத்திலும் தண்ணீரும் உரமும் ஊற்றினால், பூ வரவேண்டிய கணுவில் குட்டிச்செடி முளைத்துவிடும். நம் சமவெளியில் வெட்டுப்பூவுக்காக வளர்க்கிற கலப்பின டென்ட்ரோபியத்துக்கு இந்தப் பட்டினி தேவையில்லை. அது வெப்பநாட்டுச் செடி, இரவில் 18 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் சந்தோஷப்படும். இரண்டுக்கும் பெயர் டென்ட்ரோபியம்தான். பெயரைப் பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

காப்பதற்கென்று ஒரு தோட்டம்

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டம் இருக்கிறது. தேசிய ஆர்க்கிட் காப்பகம் என்று பெயர். மேகாலயாவின் குடுவைச் செடியைக்கூட இங்கே பார்க்கலாம். வியாபார நர்சரி என்று நினைத்துப் போகாதீர்கள். அழிந்துகொண்டிருக்கிற இனங்களைக் காக்கும் இடம் இது. அகத்தியமலையில் மட்டும் இயற்கையாக வளரும் ‘சீமாட்டிச் செருப்பு’ வகை ஆர்க்கிட் ஒன்று, ஆசைக்காரர்கள் பிடுங்கிப் பிடுங்கியே காட்டில் அரிதாகிப்போனது. அந்த வகைச் செடிகளுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். காட்டிலிருந்து ஆர்க்கிட்டைப் பெயர்த்து எடுத்து வந்து விற்கிறவர்களிடம் வாங்க வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தச் செடி கீழே வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. ஆர்க்கிட் விதை தூசு மாதிரி இருக்கும், உள்ளே உணவே கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். பிடுங்கிய இடத்தில் திரும்ப முளைப்பது லேசில் நடக்காது.

செடிகளை வைத்திருக்கும் முறையைத்தான் நம் வாசகர்கள் பார்க்க வேண்டும். மண் கிடையாது. பக்கவாட்டில் துளையிட்ட தொட்டியில் கரித்துண்டு, செங்கல் துண்டு, தேங்காய் மட்டை. காற்று வேருக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். வெள்ளி நிறத்தில் இருக்கிற வேர், தண்ணீர் பட்டதும் பச்சையாக மாறும். மறுபடி வெள்ளியாகும்வரை அடுத்த தண்ணீர் வேண்டாம். தண்ணீரைக் காலையில் ஊற்றுவது நல்லது. மாலைக்குள் குருத்து காயாவிட்டால் அழுகல் வரும்.

அன்று இரவு ஏற்காட்டில் தங்கினோம். விடிகாலை 5 மணிக்கு வெப்பமானி 17 டிகிரி காட்டியது. அடிவாரத்துக்குப் போன் செய்தேன். “இருபத்து நாலுக்குக் கீழே இறங்கல சார்” என்றார் கணவர்.

இந்த ஏழு டிகிரியில்தான் ஃபெலனாப்சிஸின் பூ மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் செடி வெப்பத்தில் இலை விடும், குளிர்ச்சியில் பூந்தண்டு விடும். பகலில் பெரும்பகுதி 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இலைமேல் இலை வருமே தவிர, தண்டு வராது. 25 டிகிரிக்குக் கீழே, இரவில் 17-லிருந்து 20 வரை, தொடர்ந்து ஐந்தாறு வாரம் கிடைத்தால் இலைக்கக்கத்தில் தண்டு எட்டிப் பார்க்கும். கற்றாழை, அன்னாசி போல இதுவும் இரவில் இலைத்துளையைத் திறந்து காற்றை வாங்கிக்கொள்கிற செடி. இரவு புழுங்கினால் பகலில் சேர்த்ததை அது மூச்சுவிட்டே தீர்த்துவிடும். மார்கழி, தைப் பனியில் சமவெளியிலும் சில செடிகள் தண்டு விடுவது உண்டு. அதை நம்பி முதல் போட முடியாது. பெரிய கம்பெனிகள் ஈரத்திரையும் விசிறியும் வைத்துப் பசுமைக்குடிலைக் குளிர வைக்கின்றன. அந்த மின்கட்டணம் நமக்குக் கட்டாது.

ஆனால், மலை பக்கத்தில் இருக்கிறதே! ஜப்பானில் சிம்பிடியம் ஆர்க்கிட் வளர்க்கிறவர்கள் கோடையில் செடிகளை மலைக்கு ஏற்றி, பூந்தண்டு பிடித்ததும் கீழே இறக்குவார்கள். வருடக் கடைசி விற்பனைக்குப் பூவைக் கொண்டுவர அது வழி. தைவானிலும் ஃபெலனாப்சிஸை இப்படி மலையேற்றியிருக்கிறார்கள். ஆடு மாட்டை மேய்ச்சலுக்கு மலைக்கு ஓட்டுகிற மாதிரிதான்.

இறங்கும் வழியில் அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. “எங்க சம்பந்தி வீடு நாகலூர்லதான் இருக்கு” என்றார். கணவருக்குத்தான் தயக்கம். வண்டி வாடகை, உடைகிற செடி, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று. கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடிவானது. 30 செடி மேலே, 30 செடி கீழே.

ஐப்பசி முதல் வாரம் குட்டியானை வண்டியில் 30 தொட்டி ஏறியது. சம்பந்தி வீட்டில் மாட்டுக்கொட்டகைக்குக் கிழக்கே, வலை கட்டிய சார்ப்பில் வைத்தார்கள். மழைச்சாரல் குருத்தில் தேங்காமல் இருக்க மேலே பாலித்தீன் தாள். கார்த்திகை பிறந்து இரண்டு வாரத்தில் அந்த அம்மா போன் செய்தார். மேலே இருந்த 30-ல் 22 செடியில் தண்டு வந்திருந்தது. இரண்டு செடி அழுகிவிட்டது. கீழே இருந்த 30-ல் அன்றுவரை ஒன்றுகூட வரவில்லை.

வந்தது தண்டா, வேரா என்ற சந்தேகம் அவருக்கு. போட்டோ அனுப்பினார். வேரின் நுனி உருண்டையாக, வழவழப்பாக இருக்கும், சீக்கிரமே மேலே வெள்ளி பூசும். தண்டின் நுனி கொஞ்சம் தட்டையாக, கட்டைவிரலோடு கைவிரல்களைச் சேர்த்துப் பிடித்ததுபோல இருக்கும், மேல்நோக்கித் திரும்பும். அனுப்பிய படத்தில் இருந்தது தண்டுதான்.

“அப்ப எறக்கிடலாமா?” என்றார். கூடாது. இளந்தண்டு மறுபடி வெப்பத்துக்கு வந்தால் மொட்டு கட்டாமல் நின்றுவிடும், சில சமயம் நுனியில் குட்டிச்செடி வந்துவிடும். மொட்டுகள் உருண்டு தெரியும்வரை மேலேயே இருக்கட்டும். தண்டு வந்ததிலிருந்து பூ விரிய மூன்று மாதம் பிடிக்கும் என்று கணக்கு வைத்தால், மாசி முகூர்த்தத்துக்குச் சரியாக வரும். இறக்கும்போது வாழைத்தாரோடும் பலாப்பழத்தோடும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டாம். பழுக்கிற பழம் விடுகிற காற்றுக்கு ஆர்க்கிட் மொட்டு உதிர்ந்துவிடும். மலையிலிருந்து காலி இடம் உள்ள வண்டி கிடைத்தது என்று பழவண்டியில் போட்டால் மூன்று மாத உழைப்பு வழியிலேயே கொட்டிவிடும்.

வலை மாற்றும் வேலையும் பாதி முடிந்துவிட்டது. மாங்கிளையைக் கழித்தாயிற்று. கணவர் இப்போது தினமும் பதினொரு மணிக்கு மேசை மேசையாகக் கையை நீட்டிப் பார்க்கிறாராம். டென்ட்ரோபியத்தில் புதுத்தண்டு குட்டையாக, தடிமனாக வருகிறது என்கிறார். 800 செடியின் வரவு அடுத்த வருடம்தான் தெரியும். அதுவரைக்கும் நகை அடகில்தான்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது

சமவெளியில் இருக்கிறவர்கள் கலப்பின டென்ட்ரோபியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். வெளிச்சம் நிறைய உள்ள இடமென்றால் வாண்டா, மொக்காரா வகைகள். வாண்டாவுக்குக் காலை வெயில் நேராகவே படலாம். வேர் அந்தரத்தில் தொங்கும் என்பதால் கோடையில் தினமும் தண்ணீர் காட்ட வேண்டும். சிம்பிடியம் ஊட்டி, கொடைக்கானல் உயரத்துக்கான செடி. கோடை முடிவில் இரவு 10-லிருந்து 14 டிகிரிக்கு இறங்கினால்தான் அது தண்டு விடும். சிக்கிமிலும் கலிம்போங்கிலும் அது செழிப்பதற்குக் காரணம் அந்த இரவுகள்தான். சேலத்திலோ மதுரையிலோ சிம்பிடியம் விற்கிறவர் பூவோடு விற்பார். அடுத்த பூவுக்கு அவர் பொறுப்பில்லை. ஃபெலனாப்சிஸும் அப்படித்தான். மலையில் சொந்தமோ சிநேகிதமோ இருந்தால் யோசிக்கலாம்.

எந்தச் செடியானாலும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வெப்பமானியை வாங்கி, செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வருடம் தொங்கவிடுங்கள். மாதம் ஒரு முறை, அந்த மாதத்தின் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நாள்காட்டியில் எழுதுங்கள். அந்தத் தாளோடு பக்கத்துத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனால், அவர்கள் சொல்கிற பதில் உங்கள் தோட்டத்துக்கான பதிலாக இருக்கும்.

ஏற்காடு போக நினைக்கிறவர்கள் மே மாதக் கோடை விழாக் கூட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். சேலத்திலிருந்து பேருந்து நிறைய இருக்கிறது. காப்பகம் திறந்திருக்கும் நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள், ஆர்க்கிட்டுக்குத் தேவையான குளிர் பகலில் போய் வருகிறவர்களுக்குத் தெரியாது. போர்வை கொண்டு போகவும்.